ஜார்ஜ் சாண்ட் அம்மையாரின் வாழ்வும் காதலும்



பிரெஞ்சு தேசத்து நாவலாசிரியை ஜார்ஜ் சாண்ட் அம்மையாரைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நமக்குக் கட்டளையிடப்பட்டிருக்கிறது. பெயரைக் கேட்டவுடன் யாரோ ஓர் ஆண்பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். பெண்பிள்ளைதான். ஆண் பெயர் எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

இந்த அம்மையாரைப் பற்றி எழுதினவர்களில் அநேகர் முதல் பக்கத்திலேயே மூன்று சங்கதிகளைச் சொல்லிவிடுவார்கள். ஒன்று, அவர் ஆண் உடை போட்டார் என்பது. இரண்டு, சுருட்டுப் பிடித்தார் என்பது. மூன்று, அவருடைய காதலர்களின் ஜாபிதா. அவர் சுமார் 70 நாவல்கள் எழுதினார், 20-க்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார், அவருடைய கடிதங்களை மட்டும் அச்சிட 25 தொகுதிகள் வேண்டியிருந்தன என்பதெல்லாம் கடைசிப் பக்கத்தில் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை.

காதலர்களின் ஜாபிதாவைப் படிக்கக் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. அதைத் தாராளமாகப் படிப்போம். ஆனால் அந்த ஜாபிதாவைப் படிக்கும்போது, அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சட்டப் புஸ்தகத்தையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்பதுதான் இன்று நாம் சொல்லப் போவது.

சட்டமும் குழந்தையும்

1804-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நெப்போலியனுடைய சிவில் சட்டம் அமுலுக்கு வந்தது. அதே வருஷம் ஜூலை 1-ஆம் தேதி பாரிசில் அரோர் துப்பேன் என்ற பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் பிற்காலத்து ஜார்ஜ் சாண்ட்.

அந்தச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு, கணவன் மனைவிக்குப் பாதுகாப்பளிக்க வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்லிற்று. அடுத்த பிரிவுகள், கணவன் எங்கே குடியிருக்கிறானோ அங்கேதான் அவளும் இருக்க வேண்டும், அவன் சம்மதமில்லாமல் கோர்ட்டுக்குப் போகக் கூடாது, சொத்தை விற்கவோ வாங்கவோ கூடாது என்றன. அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த நிலமானாலும் அதை நிர்வாகம் செய்கிறவன் கணவன்தான். பிரெஞ்சுப் புரட்சி 1792-இல் விவாக ரத்துக்கு வழி செய்திருந்தது. மன்னராட்சி திரும்பி வந்ததும் 1816-இல் அந்த வழியையும் அடியோடு அடைத்துவிட்டார்கள். அது மறுபடி திறந்தது 1884-இல். அம்மையார் இறந்தது 1876-இல். ஆகவே அவர் கலியாணம் செய்துகொண்ட நாள் முதல் கண்ணை மூடின நாள் வரையில் அந்தக் கதவு சாத்தியே இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1810-இல் வந்த தண்டனைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மனைவி சோரம் போனால் மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை. கணவன் சோரம் போனால் குற்றமே இல்லை. குடியிருக்கும் வீட்டிலேயே வைப்பாட்டியைக் கொண்டுவந்து வைத்தால் மட்டும் 100 முதல் 2000 பிராங்கு வரை அபராதம்! தன் வீட்டில் மனைவியைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொன்றுவிட்டாலோ, அது மன்னிக்கத்தக்க கொலை என்று அதே சட்டம் தண்டனையைக் குறைத்தது. இந்தப் பிரிவுகள் முற்றும் ஒழிந்தது 1975-இல்தான்.

இது ஏதோ கடல் கடந்த தேசத்துச் சங்கதி, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 1881-ஆம் வருஷத்து உத்தரவின்படி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிப் பகுதித் தமிழர்களில் சிலர் தங்கள் ஜாதி, மத வழக்கச் சட்டத்தை எழுத்து மூலம் துறந்துவிட்டு இதே சிவில் சட்டத்தின் கீழ் வந்தார்கள். பழைய கட்டை அறுத்தது நல்ல காரியந்தான். ஆனால் அந்தக் குடும்பத்துப் பெண்களுக்குக் கிடைத்தது இந்தச் சட்டத்தின் விவாகப் பிரிவுகள்.

பிறப்பும் வளர்ப்பும்

நிற்க, அரோரின் தகப்பனார் பட்டாளத்து அதிகாரி. அவருடைய தாய்வழியில் போலந்து ராஜா ஒருவரின் ரத்தம் உண்டு. ஆனால் அது நேர்வழியில் வந்ததல்ல. ராஜாவின் கலியாணமில்லாப் பிள்ளை ஒரு சேனாபதி. அந்தச் சேனாபதியின் கலியாணமில்லாப் பெண்தான் அரோரின் பாட்டியார். இவ்வளவு இருந்தும் அந்தப் பாட்டியார், தம் மகன் ஓர் ஏழைப் பெண்ணைக் கட்டிக்கொண்டதைப் பொறுக்கவில்லை. அரோரின் தாயார் சோபி, பாரிஸ் ஆற்றங்கரையில் பறவை விற்றுப் பிழைத்த ஒருவரின் மகள். அவளுக்கும் அந்த அதிகாரிக்கும் கலியாணம் பதிவானது குழந்தை பிறப்பதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவான நாள் இருக்கும்போது. உயர்ந்த குலம், தாழ்ந்த குலம் என்று பேசுகிறவர்களுடைய குலத்தைத் துருவினால் எல்லா நாட்டிலும் இப்படித்தான் இருக்கிறது.

1808-இல் தகப்பனார் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அரோருக்கு வயது நான்கு. பெர்ரி என்னும் பிரதேசத்தில் நோஆன் என்ற கிராமத்திலே பாட்டியாருக்குப் பெரிய வீடும் நிலமும் இருந்தன. பாட்டியார் மருமகளுக்கு வருஷாந்திரப் பணம் கொடுப்பதாக ஏற்பாடு செய்து, பேத்தியைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். பணம் உள்ள இடத்துக்குக் குழந்தை போயிற்று. இல்லாத இடத்துக்குத் தாய் போனாள். இரண்டு பெண்களுக்கு நடுவில் இழுபட்ட குழந்தைக்கு ஏழை என்றால் என்ன, பணக்காரன் என்றால் என்ன என்பது புஸ்தகம் படித்துத் தெரிய வேண்டிய விஷயமாக இல்லை.

பிறகு பாரிசில் கன்னியாஸ்திரீகளின் மடத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் படிப்பு. அங்கே பக்தி மிகுந்துபோய்த் தானும் கன்னியாஸ்திரீ ஆகிறேன் என்று நின்றாள். வால்ட்டேரைப் படித்துப் பழகின பாட்டியார் உடனே திரும்ப அழைத்துக்கொண்டார். அப்புறம் நோஆனில் குதிரையேற்றம், பாட்டியாரின் புஸ்தக அலமாரி, ரூசோ. 1821 கடைசியில் பாட்டியார் இறந்தார். பதினேழு வயதில் நோஆன் முழுவதும் அவளுடைய சொத்தாயிற்று.

கலியாணம்

1822-இல் காசிமீர் துதெவான் என்பவரைக் கலியாணம் செய்துகொண்டார். பெண்ணுக்கு வயது 18, மாப்பிள்ளைக்கு 27. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவராக இசைந்துதான் செய்துகொண்டார். ஆனால் கலியாணமான மறுநாளே, பாட்டியார் பேத்திக்கு விட்டுப்போன நிலத்துக்கு நிர்வாகி காசிமீர் ஆகிவிட்டார்.

காசிமீரை ஒரு ராட்சசனாக வர்ணிக்க நமக்கு விருப்பமில்லை. அந்தக் காலத்துச் சாதாரண நிலச்சுவான்தாரர் அவர். வேட்டை, குடி, வீட்டு வேலைக்காரிகளோடு சிநேகம், இவ்வளவுதான். மனைவிக்குப் புஸ்தகம், சங்கீதம், யோசனை. 1823-இல் மோரிஸ் என்ற மகனும் 1828-இல் சொலாஞ்ச் என்ற மகளும் பிறந்தார்கள். இடையில் அம்மையாரின் மனமும் வெளியே அலையத் தொடங்கியிருந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை.

1830 கடைசியில் ஒருநாள் கணவரின் மேஜையில் தம் பெயருக்கு ஒரு கட்டு இருப்பதைக் கண்டார். நாம் இறந்த பிறகுதான் திறக்க வேண்டும் என்று மேலே எழுதியிருந்தது. அம்மையார் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. திறந்தார். உள்ளே இருந்தது ஆஸ்தி விவரம் அல்ல, மனைவியின்மேல் வசவும் சாபமும்! அன்றே அவர் தீர்மானித்துவிட்டார். வருஷத்தில் பாதி பாரிசில் இருப்பேன், பாதி நோஆனில் பிள்ளைகளோடு இருப்பேன், செலவுக்கு வருஷம் 3000 பிராங்கு தர வேண்டும் என்றார். கணவர் ஒப்புக்கொண்டார். அந்த 3000 பிராங்கு யாருடைய பணம்? அம்மையாருடைய சொந்த நிலத்தின் வருமானத்தில் ஒரு பகுதிதான். தன் சோற்றில் ஒரு கவளத்தைத் தானமாக வாங்கிக்கொண்டு புறப்பட்டார் என்று சொல்ல வேண்டும்.

பெயரும் உடையும்

1831 ஜனவரியில் பாரிசுக்கு வந்தார். ஜூல் சாண்டோ என்ற இளைஞர் அங்கே இருந்தார். அவர்தான் ஜாபிதாவில் முதல் பெயர். இருவரும் சேர்ந்து ஒரு நாவல் எழுதி ஜே. சாண்ட் என்று கையெழுத்திட்டு விற்றார்கள். 1832-இல் அம்மையார் தனியாகவே "இந்தியானா" என்ற நாவலை எழுதினார். சாண்டோ, நான் ஒரு வரியும் எழுதாத புஸ்தகத்தில் என் பெயர் வேண்டாம் என்று யோக்கியமாக மறுத்துவிட்டார். கணவர் பெயரைப் போடலாம் என்றால், துதெவான் என்ற பெயர் புஸ்தக அட்டையில் வரக்கூடாது என்று மாமியார் முன்னமே எச்சரித்துவிட்டார். ஆகவே சாண்ட் என்பதை வைத்துக்கொண்டு முன்னால் ஜார்ஜ் என்று சேர்த்துக்கொண்டார். பெண்ணுக்கு ஒரு பெயர் தகப்பன் பெயராக இருக்கும், இல்லாவிட்டால் புருஷன் பெயராக இருக்கும். இந்த அம்மையார் தம் பேனாவால் சம்பாதித்த பெயரை வைத்துக்கொண்டார். பிள்ளைகளும் பிற்காலத்தில் அந்தப் பெயரையே பிரியப்பட்டார்கள்.

உடை விஷயம் என்ன? பாரிசில் சேறும் குளிரும் நிறைந்த வீதிகளில் பட்டுப் பாவாடையும் மெல்லிய செருப்பும் ஒரு வாரம் தாங்காது. நாடகக் கொட்டகையில் விலை மலிவான கீழ்த்தளத்தில் பெண்களை விடமாட்டார்கள். அம்மையாரிடமோ மாதம் 250 பிராங்குதான். முன்னொரு காலத்தில் இதே பணமுடைக்காக அவருடைய தாயாரும் ஆண் உடை போட்டு நாடகத்துக்குப் போனதுண்டு. தாயார்தான் இந்த யோசனையைச் சொன்னது. உடனே கனமான துணியில் ஒரு மேற்சட்டை, கால்சட்டை, தொப்பி, இரும்பு லாடம் அடித்த பூட்ஸ். அதைப் போட்டுக்கொண்டு ஊர் முழுவதும் நடந்தார். பெண் ஆண் உடை போட வேண்டுமானால் போலீசு அனுமதி வேண்டும் என்று 1800-ஆம் வருஷத்து உத்தரவு ஒன்று இருந்தது. அந்த உத்தரவு செல்லாது என்று பிரெஞ்சு மந்திரி ஒருவர் அறிவித்தது எப்போது தெரியுமா? 2013-இல்!

"இந்தியானா" என்ன சொல்லுகிறது? வயதான பட்டாளத்துக் கர்னலுக்கு வாழ்க்கைப்பட்ட ஓர் இளம்பெண்ணின் கதை. கணவன் அடக்குகிறான், காதலன் ஏமாற்றுகிறான். இரண்டு பேரும் ஒரே சட்டத்தின் நிழலில் நிற்கிறவர்கள். 1834-இல் எழுதிய "ஜாக்" இன்னும் கடுமையானது. அதில் கணவன் நல்லவன். மனைவி வேறொருவனை நேசிக்கிறாள் என்று தெரிந்ததும், அவளைச் சட்டப்படி விடுதலை செய்ய வேறு வழி இல்லாமல் தன் உயிரை விட்டுவிடுகிறான். விவாக ரத்து இல்லாத நாட்டில் மனைவியை விடுவிக்க விரும்பும் யோக்கியனுக்குச் சாவுதான் வழி என்று காட்டினார். ஒழுக்கம் கெட்டது என்று கூச்சலிட்டார்கள். சட்டத்தைப் பற்றி அவர்கள் மூச்சுவிடவில்லை.

வெனிஸ் நகரம்

1833-இல் கவி ஆல்பிரட் டி முஸ்ஸேயைச் சந்தித்தார். கவிக்கு வயது 22, அம்மையாருக்கு 29. இருவரும் இத்தாலிக்குப் போய் வெனிஸ் நகரத்தில் தங்கினார்கள். கவி குடியிலும் கூத்திலும் திரிந்தார். அம்மையார் பதிப்பாளருக்குச் சொன்ன தேதியில் பக்கங்களை அனுப்ப வேண்டுமென்று இரவு முழுவதும் எழுதினார். வழிச்செலவுக்குப் பணம் அந்தப் பேனாவிலிருந்துதான் வந்தது. பிறகு முஸ்ஸே கடும் ஜுரத்தில் விழுந்து உயிருக்குப் போராடினார். பாஜெல்லோ என்ற இளம் டாக்டரும் அம்மையாரும் இராப்பகலாகப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கட்டிலின் பக்கத்திலேயே அம்மையாருக்கும் டாக்டருக்கும் காதல் பிறந்துவிட்டது.

இதைச் சொல்லி அம்மையாரைக் கரித்துக் கொட்டாதவர் இல்லை. நாமும் இதை அழகான காரியமென்று சொல்லவில்லை. ஆனால் நடந்ததை மூடி மறைத்து உத்தமி வேஷம் போடவில்லை அவர். முஸ்ஸே இந்தக் காதலை வைத்து 1836-இல் ஒரு நாவல் எழுதினார். அவர் இறந்தபின் 1859-இல் அம்மையார் தம் பக்கத்துக் கதையை எழுதினார். உடனே கவியின் தமையன் அதற்கு எதிராக ஒரு நாவல் எழுதினார். ஒரு காதலுக்கு மூன்று நாவல்! கவி எழுதியது உள்ளத்தின் வேதனை என்று புகழப்பட்டது. அம்மையார் எழுதியது வெட்கமற்ற காரியம் என்று இகழப்பட்டது. எழுதப்பட்ட விஷயம் ஒன்றுதான், எழுதின கைதான் வேறு.

கோர்ட்டில்

1835 அக்டோபரில் நோஆன் வீட்டில் விருந்தினர் முன்னிலையிலேயே கணவர் கோபாவேசத்தில் துப்பாக்கியை எடுக்கப் போனார். அம்மையார் கோர்ட்டுக்குப் போனார். விவாக ரத்து கேட்க முடியாது. பிரிந்து வாழ உத்தரவு மட்டும் கேட்கலாம். மிஷேல் என்ற குடியரசுக் கட்சி வக்கீல் வாதாடினார். அந்த வக்கீலும் ஜாபிதாவில் ஒரு பெயர்தான் என்பதை மறைப்பானேன்?

எதிர்க்கட்சி மனைவியின் நடத்தையைச் சந்தி சிரிக்க வைக்கப் பார்த்தது. ஆனால் கணவர் குடியிருக்கும் வீட்டிலேயே வேலைக்காரிகளோடு நடந்துகொண்டது சாட்சிகளால் வெளிப்பட்டது. 1836 ஜூலையில் ராஜி ஏற்பட்டது. நோஆனும் பிள்ளைகளும் அம்மையாரிடம் வந்தன. அம்மையாரின் சொத்தான பாரிஸ் வீடு ஒன்றின் வருமானம் கணவருக்கு விடப்பட்டது. தம் சொத்தில் ஒரு பங்கைக் கொடுத்துத் தம் வீட்டையும் தம் பிள்ளைகளையும் வாங்கிக்கொண்டார். கையில் சொத்தே இல்லாத பெண் எதைக் கொடுத்து வாங்குவாள்? இந்தக் கேள்வியை அம்மையாரின் எதிரிகளும் கேட்கவில்லை, புகழ்ந்தவர்களிலும் சிலரே கேட்டார்கள்.

அதற்கு மறுவருஷம் லாமெனே என்ற பெயர்பெற்ற பாதிரியாரின் பத்திரிகையில் பெண்கள் நிலையைப் பற்றிக் கடித ரூபமாக எழுதிவந்தார். ரோமாபுரியோடு சண்டையிட்டு வெளியே வந்த புரட்சிக்காரர் அந்தப் பாதிரியார். அம்மையார் விவாக ரத்தைப் பற்றி எழுத வேண்டுமென்றதும் அந்தப் புரட்சிக்காரருக்கே பயம் வந்துவிட்டது. கடிதங்கள் ஆறோடு நின்றுவிட்டன. போப்பை எதிர்க்கத் துணிந்தவருக்கும் புருஷனை எதிர்க்கத் துணிவு வரவில்லை.

ஷோப்பான்

1838-இல் போலந்து தேசத்துச் சங்கீத வித்வான் பிரடெரிக் ஷோப்பானோடு உறவு ஏற்பட்டது. அந்தக் குளிர்காலத்துக்கு இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஸ்பெயின் தேசத்து மஜோர்க்காத் தீவுக்குப் போனார்கள். ஷோப்பானுக்கு ஷயரோகம் என்று டாக்டர்கள் சொன்னதும் வீட்டுக்காரர் வெளியே போகச் சொல்லிவிட்டார். நோயாளி படுத்த படுக்கைக்கும் பணம் கட்டச் சொன்னார். வால்தெமோசா என்ற மலைக்கிராமத்தில் சர்க்கார் பறிமுதல் செய்திருந்த பழைய மடத்தில் இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை இவர்கள் கோயிலுக்கு வராததைக் கண்ட ஊரார் முகம் கொடுப்பதில்லை, சாமானுக்கு இரட்டை விலை கேட்டார்கள். மழை ஒழுகும் அந்த மடத்தில் அம்மையார் சமைத்தார், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார், நோயாளியைப் பார்த்தார், இரவில் நாவல் எழுதினார். ஷோப்பான் தம்முடைய 24 சிறு பியானோ உருப்படிகளை அங்கேதான் முடித்தார்.

பிறகு ஏழு கோடைகாலங்கள் ஷோப்பான் நோஆனில் இருந்தார். அவருடைய பெரிய சங்கீத உருப்படிகளில் அநேகம் அந்த வீட்டில் பிறந்தவை. அம்மையார் ஷோப்பானைக் கெடுத்தார் என்று எழுதினவர்கள், இந்த ஏழு கோடைகாலத்தின் சாப்பாட்டையும் மருந்தையும் அமைதியையும் யார் கொடுத்தார்கள் என்பதையும் எழுதியிருக்கலாம்.

1847-இல் மகள் சொலாஞ்ச், க்ளெசாஞ்சே என்ற சிற்பியைக் கட்டிக்கொண்டாள். மருமகன் கடன்காரன், முரடன். வீட்டில் அடிதடி வரையில் வந்தது. ஷோப்பான் மகள் பக்கம் நின்றார். அதோடு உறவு முறிந்தது. 1848 மார்ச்சில் பாரிசில் ஒரு வீட்டு வாசலில் இருவரும் தற்செயலாக எதிர்ப்பட்டார்கள். உங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, தெரியுமா என்று ஷோப்பான் கேட்டார். தாய்க்குத் தெரியாது. அதுதான் கடைசிச் சந்திப்பு. 1849 அக்டோபரில் 39-ஆவது வயதில் ஷோப்பான் இறந்தார். மகளோடு அம்மையாருக்கு மனம் முழுவதும் சேரவே இல்லை. ஊருக்கெல்லாம் தாயாக இருந்தவர் பெற்ற பெண்ணிடம் கடினமாக இருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

யாரும் பேசாத காதல்

ஜாபிதா எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஷோப்பானோடு பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் நீண்ட காதல். 1850 முதல் 1865 வரை அலெக்சாந்தர் மான்சோ என்ற செப்புத்தகட்டுச் சித்திர வேலைக்காரர் அம்மையாரோடு வாழ்ந்தார். 13 வயது இளையவர். கவியுமல்ல, வித்வானுமல்ல. அம்மையாரின் கையெழுத்துப் பிரதிகளை ஒழுங்கு செய்தார், தினக்குறிப்பு எழுதினார், மேஜையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். அதுவரையில் எல்லாரையும் கவனித்தவர் அம்மையார். இவர் ஒருவர்தான் அம்மையாரைக் கவனித்தவர். 1864-இல் மகன் மோரிசுக்கும் இவருக்கும் தகராறு வந்து, மகன் இவரை வீட்டை விட்டுப் போகச் சொன்னபோது, 60 வயதான அம்மையார் தம் பிரியமான நோஆனை விட்டு இவரோடு பாரிசுக்கு வெளியே பலேசோ என்ற ஊருக்குக் குடிபோனார். ஷயரோகத்தால் இவர் 1865-இல் இறக்கும் வரையில் பக்கத்தில் இருந்தார். இதில் கூச்சல் இல்லை, நாவல் இல்லை. ஆகையால் ஊர்வாயில் இதற்கு இடமும் இல்லை.

ஹ்யூகோவும் ஒரு பெண்ணும்

இவ்வளவு பேசினார்களே, ஆண் எழுத்தாளர்கள் எப்படி இருந்தார்கள்? விக்டர் ஹ்யூகோவை உலகமே போற்றுகிறது. நாமும் போற்றுகிறோம். அவருக்குக் கலியாணமான மனைவி இருக்கும்போதே ஜூலியத் துருவே என்ற நடிகையோடு 1833 முதல் 50 வருஷ உறவு உண்டு. போதாதென்று 1845 ஜூலையில் லெயோனி பியார் என்ற ஒரு சித்திரக்காரரின் மனைவியோடு போலீசாரிடம் அகப்பட்டார். ஹ்யூகோ பிரபுக்கள் சபை அங்கத்தினர். ஆகவே கை வைக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். அந்த அம்மாளை? செயின்ட் லாசார் சிறையில் போட்டார்கள்! ஒரே அறை, ஒரே குற்றம், அகப்பட்டவர் இருவர். ஆண் வீட்டுக்குப் போனார், பெண் சிறைக்குப் போனாள். நாம் சொன்ன சட்டப் புஸ்தகம் இதுதான். கற்பு என்பது ஒருவருக்கு மட்டும் விதிக்கப்படும் வரி என்பதற்கு இதைவிட என்ன ருசு வேண்டும்?

பொதுவாழ்வும் குறையும்

1843-இல் லா ஷாத்ர் என்ற ஊரில் மனவளர்ச்சியில்லாத ஓர் அநாதைப் பெண் தர்ம ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வேற்றூர்ப் பாதையில் விட்டுவிட்டு வரும்படி செய்தார்கள். அதை நடத்தியவர்கள் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரீகள்! அம்மையார் "பான்ஷெத்" என்ற பிரசுரம் எழுதி இதைச் சந்திக்கு இழுத்தார். அதிலிருந்தே அந்த ஜில்லாவுக்கு ஒரு சுதந்திரப் பத்திரிகை வேண்டுமென்று முயற்சி தொடங்கி, 1844-இல் பத்திரிகை வந்தது. 1848 புரட்சியில் புதிய குடியரசு சர்க்காரின் அறிக்கைகளை எழுதிக் கொடுத்தார். 1851-இல் லூயி நெப்போலியன் குடியரசைக் கவிழ்த்தபோது, அவரிடமே நேரில் போய்ச் சிறைப்பட்டவர்களுக்காக வாதாடினார்.

ஆனால் 1848 ஏப்ரலில், பெண்கள் நடத்திய ஒரு பத்திரிகை அவரைச் சட்டசபைக்கு அபேட்சகராக நிறுத்த வேண்டுமென்று எழுதியபோது, கடுமையாக மறுத்துவிட்டார். விவாகத்தில் பெண் கணவனுக்கு அடிமையாக இருக்கும்வரை அவளுடைய ஓட்டும் கணவனுடைய ஓட்டாகத்தான் இருக்கும், முதலில் குடும்பத்தில் சமத்துவம், பிறகு ஓட்டு என்பது அவர் வாதம். அவர் வாதத்தில் உண்மை உண்டு. ஆனாலும் நாம் அதை ஒப்பவில்லை. பிரான்சில் பெண்ணுக்கு ஓட்டு வந்தது 1944-இல். கீழ்ப்படிய வேண்டும் என்ற பிரிவு போனது 1938-இல்தான். மனைவி கணவன் சம்மதமின்றி வேலைக்குப் போகவும் பாங்கில் கணக்கு வைக்கவும் உரிமை வந்தது 1965-இல். வீட்டில் முழுச் சமத்துவம் வரட்டும் என்று காத்திருந்தால் ஓட்டும் வந்திராது, சமத்துவமும் வந்திராது. கையில் ஓட்டு வந்த பிறகுதான் பாக்கிச் சட்டங்கள் இளகின. இதுபோலவே 1871-இல் பாரிஸ் தொழிலாளர்கள் கம்யூன் அமைத்தபோதும் அவர் அதற்கு விரோதமாகவே இருந்தார். பெரியவர்கள் சொன்னதையெல்லாம் விழுங்கிவிட வேண்டும் என்பது நம் வழக்கமல்ல. ஜார்ஜ் சாண்டுக்கும் அதே விதிதான்.

பாதிரிகளும் பிணமும்

அம்மையார் நாஸ்திகரல்ல. கடவுள் ஒருவர் உண்டென்று தம் போக்கில் நம்பினவர். ஆனால் புருஷன் பெண்சாதிக்கு நடுவில் பாவமன்னிப்புக் கேட்கும் பாதிரி வந்து உட்காருவதை ஒருநாளும் ஒப்பவில்லை. 1862-இல் தம் மகன் மோரிசின் கலியாணத்தைப் பாதிரி இல்லாமல் சர்க்கார் பதிவோடு நடத்தினார். புராட்டஸ்டண்டு முறைச் சடங்கு பிறகு 1864-இல்தான் நடந்தது. 1863-இல் பாதிரிகளின் தலையீட்டைக் கண்டித்து ஒரு நாவலே வெளியிட்டார். அதே வருஷத்தில் ரோமாபுரி அவருடைய காதல் நாவல்கள் முழுவதையும் தடைப் புஸ்தக ஜாபிதாவில் சேர்த்தது. தடை போட்டதனால் வாசகர் குறையவில்லை.

1876 ஜூன் 8-ஆம் தேதி, குடல் அடைப்பினால் பெருந்துன்பப்பட்டு, 72 வயது நிரம்பச் சில நாள் இருக்கையில் நோஆனில் காலமானார். பாதிரியை அழைக்கும்படி அவர் கேட்கவில்லை. ஆனால் மகள் சொலாஞ்ச், பூர்ஷ் நகரத்து ஆர்ச்சுபிஷப்புக்குச் சொல்லியனுப்பி அனுமதி வாங்கிக் கோயில் முறைப்படியே அடக்கம் செய்வித்தாள். உயிரோடிருந்தபோது எந்தப் புஸ்தகங்களைத் தொடக்கூடாது என்றார்களோ, அவற்றை எழுதின கையின் மேல் புனித நீர் தெளித்தார்கள். சிநேகிதர்களுக்கு மனவருத்தம். உயிரோடிருக்கும்போது வசப்படாதவர்களைப் பிணமான பிறகு வசப்படுத்திக்கொள்ளுவது எல்லா மதத்துக்கும் பழக்கமான காரியந்தான்.

மழை தூறிக்கொண்டிருந்தது. குடியானவப் பெண்கள் திரளாக வந்து அழுதார்கள். நாவலாசிரியர் பிளாபேர் பாரிசிலிருந்து வந்து குழந்தைபோல் அழுதார். ஹ்யூகோ எழுதியனுப்பிய இரங்கலுரை கல்லறையில் படிக்கப்பட்டது. ருஷியாவில் தாஸ்தயேவ்ஸ்கி தம் பத்திரிகையில் இவருக்கு நன்றி செலுத்தி எழுதினார்.

முடிவுரை

கணவர் காசிமீர் 1871 வரையில் இருந்தார். அதாவது 49 வருஷம் இந்த அம்மையார் சட்டப்படி அவருடைய மனைவி. இதில் 35 வருஷம் இருவரும் கோர்ட்டு மூலம் பிரிந்தவர்கள். 1869-இல் காசிமீர் சக்கரவர்த்திக்கு ஒரு மனுப் போட்டார். தமக்குக் கௌரவப் பதக்கம் வேண்டுமென்றும், அதற்குத் தகுதியாகக் குடும்ப வாழ்வில் தாம் பட்ட துன்பத்தைக் கவனிக்க வேண்டுமென்றும் கேட்டார்! மனைவியின் நிலத்தை நிர்வாகம் செய்து, மனைவியின் வீட்டு வருமானத்தை வாங்கிக்கொண்டு, அதற்குமேல் பதக்கமும் கேட்டார். அந்த 49 வருஷத்தில் விவாக ரத்துச் சட்டம் இருந்திருந்தால், ஊரார் எண்ணிக்கொண்டிருந்த ஜாபிதாவில் பாதிக்கு மேல் சாதாரண மறுவிவாகமாகவே முடிந்திருக்கும். வாசலை அடைத்துவிட்டுச் சன்னல் வழியே போனாள் என்று குற்றஞ்சாட்டுவது என்ன நியாயம்?

ஆகவே தோழர்களே! ஜார்ஜ் சாண்ட் அம்மையாரை ஒரு தெய்வமாக்கி மாலை போட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவரைப்போல் எல்லாப் பெண்களும் நடக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் காதலை எடை போடப் புறப்படுகிறவர்கள், அவளுக்கு என்ன சட்டம் இருந்தது, அவள் கையில் என்ன பணம் இருந்தது, அவளோடு அகப்பட்ட ஆணுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்ற மூன்றையும் முதலில் விசாரிக்க வேண்டும். விசாரித்த பிறகும் குற்றம் சொல்ல வாய் எழுந்தால் சொல்லட்டும். இங்கே வந்திருக்கும் தாய்மார்கள் தங்கள் பெண்மக்களுக்கு நகை செய்து போடுவதற்கு முன்னால், தானாகச் சம்பாதிக்கத்தக்க ஒரு படிப்பையும், தன் பெயரில் தானே நிர்வகிக்கத்தக்க ஒரு சொத்தையும் கொடுக்க யோசிக்க வேண்டும். அம்மையாரிடம் பேனாவும் நோஆனும் இருந்தபடியால்தான் அவர் தம் வழியைத் தாமே தேர்ந்தெடுக்க முடிந்தது.